ஒன்பது மேஜை மழை

வெம்பக்குளத்தில் இருந்த 'அடைமழை' உணவகத்தின் பதினான்காவது கிளையில் மழை மோட்டார் எரிந்துபோய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வைகாசி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த பதினோரு மணிக்கு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சுடலைமுத்து கண்ணாடிச் சுவரை ஒட்டிய மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து ரவா தோசையில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவருடைய மேஜை எவ்வளவு அகலமோ அவ்வளவு இடத்தில் மட்டும், மழை பெய்யத் தொடங்கியது. வானத்தில் மேகம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. கூரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே, வெறும் காற்றிலிருந்து புறப்பட்டு, சரம் சரமாக இறங்கி, நடைபாதையில் தெறித்து, புழுதியைக் கிளப்பி மண்வாசனையையும் எழுப்பிவிட்டு நின்று நிதானமாகப் பெய்தது. சுடலைமுத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

தெருவில் காலிக் குடத்தோடு போய்க்கொண்டிருந்த குருவம்மா, தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்ப்பவள், நின்றாள். கையை நீட்டி நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான் என்று தெரிந்ததும் குடத்தை மழைக்குக் கீழே வைத்தாள். நிறைந்ததை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் அடுத்த குடத்தோடு அவள் திரும்பி வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஆறு குடங்கள் வரிசையில் இருந்தன.

அடைமழை உணவகங்களில் வருஷம் முழுக்க மழைக்காலம்தான். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பதினான்கு ஊர்களில் அவை இருந்தன. தெருவைப் பார்த்த சுவர் முழுவதும் கண்ணாடி. வெளியே கூரை விளிம்பில் ஓட்டை போட்ட குழாய். குழாயிலிருந்து தண்ணீர் வழிய, ஒலிபெருக்கியில் இடி உருள, உள்ளே மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் மிளகு ரசமும் வெங்காயப் பக்கோடாவும் சுக்குக் காபியும் பரிமாறுவார்கள். அந்த மழை சரியாக நாற்பது நிமிஷம் பெய்து நிற்கும், பத்து நிமிஷம் கழித்து மறுபடி தொடங்கும். அந்த நாற்பது நிமிஷத்தில்தான் தொழிலின் சூட்சுமம் இருந்தது. பெய்துகொண்டிருக்கும்வரை யாரும் எழுந்து போவதில்லை, இன்னொரு தட்டு சொல்வார்கள். நின்றதும், அது குழாய் மழை என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, "விட்டுருச்சு, கிளம்பலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, மேஜை தானாகக் காலியாகும், ஒரு மேஜைக்கு ஒரு நாளில் பதினோரு பந்தி ஓடும்.

இதைக் கண்டுபிடித்தவள் செண்பகவல்லி. இருபத்தோரு வயதில், ஒரு ஹோட்டலில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐப்பசி மழைக்குப் பஸ் நிலைய டீக்கடையில் ஒதுங்கி நின்றபோது அவள் பார்த்தது அது. ஒதுங்கியவர்கள் ஆளுக்கு மூன்று டீ குடித்தார்கள், விட்டதும் மூன்று நிமிஷத்தில் கடை காலியானது. பின்னாளில் 'அடைமழை'யின் முதலாளி தனுஷ்கோடியிடம் அவள் இதைச் சொன்னபோது அவர் எழுந்து நின்று கும்பிட்டார். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினான்கு கிளைகளிலும் சமையலறை எப்படி ஓட வேண்டும், யார் எந்த நேரத்துக்கு வர வேண்டும், சட்னி வாளி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் வகுத்ததுதான். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நாற்பது நிமிஷம் இருந்தது.

வெம்பக்குளம் கிளை நாற்கரச் சாலை ஊருக்குள் போன காலத்தில் திறக்கப்பட்டது. மூன்றாம் வருஷம் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கார்கள் வராமல் போயின. பிறகு தண்ணீரும் வராமல் போனது. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் காற்று சீறும், பின்னாலேயே ஆளுக்கு நாலு குடம் வரும். வற்றிய தொட்டியில் வெறுங்காற்றை இழுத்து இழுத்துத்தான் மோட்டார் எரிந்துபோனது.

அதனால் சுடலைமுத்துவின் மழையைப் பார்த்து யாரும் வியந்து நிற்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. எப்படிப் பெய்கிறது என்று கேட்டவர்களைவிட, எப்போது நிற்கும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். முதல் வாரத்துக்குள் ஊர் அந்த மழையின் குணத்தைப் படித்து முடித்துவிட்டது. கண்ணாடியோரம் ஒன்பது மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் நாலடி மழை. மேஜையில் ஆள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பெய்யும், எழுந்தால் நிற்கும். காபித் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் தூறலோடு சரி. ருசித்துச் சாப்பிட்டால் கொட்டும். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நாலு பேர் சம்பள நாளில் ஒரே மேஜையில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கணக்குப்பிள்ளையைக் கேலி பேசிச் சிரித்தபோது, ஒரு குடம் நிறைய எண்ணி இருபது எண்ணிக்கைதான் ஆனது. சம்பந்தி வீட்டார் இருவர் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டே கேசரி சாப்பிட்டபோது பெய்த தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது, அதை மாட்டுக்கு வைத்தார்கள். வேதக்கோயில் பாஸ்டரும் காளியம்மன் கோயில் பூசாரியும் ஆளுக்கு ஒரு நாள் வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, தண்ணீரில் குற்றமில்லை என்று சொல்லிப் போனார்கள். பஞ்சாயத்து எழுத்தர் குடிநீர் ஆதாரங்கள் என்ற பட்டியலில் கிணறு, ஆழ்துளைக் கிணறு, லாரி ஆகியவற்றுக்குக் கீழே 'சாப்பாட்டு மழை' என்று எழுதி, எதிரே 'பருவமற்றது' என்று குறிப்பும் போட்டார்.

மதுரையில் தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. பதினான்காவது கிளையில் ஒரு மேஜைக்குப் பதினோரு பந்தி ஓடிய இடத்தில் இரண்டுதான் ஓடுகிறது என்று அவர்களுடைய திரையில் தெரிந்தது. ஒரு கிழவர் ஒரு ரவா தோசையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரிந்தது. சரிசெய்ய முடிந்தால் சரிசெய், முடியாவிட்டால் மூடிவிட்டு வா என்று சொல்லி முதலாளி தனுஷ்கோடி செண்பகவல்லியை அனுப்பினார்.

அவள் வந்து இறங்கியபோது தெருவில் முப்பத்தோரு குடங்கள் நின்றன. கிளை மேலாளர் சவரிமுத்து, ஐம்பது வயதுக்காரர், வாசலிலேயே காத்திருந்தார்.

"மோட்டார் ரிப்பேர் பண்ணியாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம்."

"அப்புறம் தண்ணி எங்கேருந்து வருது?"

"அது தானாப் பெய்யுது மேடம். எழுதி அனுப்பினா நம்ப மாட்டாங்கன்னு அனுப்பல."

செண்பகவல்லி கண்ணாடியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், வெளியே போய்ப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மழைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, "சரி. எத்தனை நிமிஷம் பெய்யுது?" என்றாள். சவரிமுத்து அதற்குப் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார், அந்தக் கேள்வியைக் கேட்டபோதே இவள் நம்ம ஆள் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாக.

ஆனால் அன்றைக்கு அவள் செய்தது வேறு. நாற்பதாவது நிமிஷத்தில் ஒன்பது மேஜைக்கும் பில்லை வைக்கச் சொன்னாள். சர்வர்கள் தயங்கித் தயங்கி வைத்தார்கள். பில் மேஜையைத் தொட்டதும் ஒன்பது மழையும், குழாயைத் திருகி மூடினாற்போல, ஒன்றாக நின்றன. சுடலைமுத்து வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்கிவிட்டுக் கையைக் கழுவ எழுந்தார். வெளியே குடங்களின் மேல் வெயில் அடித்தது.

குருவம்மா உள்ளே வந்தாள். சண்டைக்கு வரவில்லை, சேலை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், நீங்கதான் நிப்பாட்டுனீகளா?"

"இது ஓட்டலும்மா. ஒருத்தர் எழுந்தாத்தான் அடுத்தவர் உட்கார முடியும்."

"அது சரிதான். எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் கிடைச்சிருந்தா குடம் நெறஞ்சிருக்கும். கம்பெனியில மருந்து முக்கிட்டு வந்து, அந்தக் கையோடதான் ரெண்டு நாளாச் சோறு பெசையிறேன். அதான் கேட்டேன், வேற ஒண்ணுமில்ல."

அவள் கைகளைக் காட்டவில்லை. செண்பகவல்லிதான் பார்த்தாள், விரல் இடுக்குகளில் தீக்குச்சி மருந்து சிவப்பாகக் காய்ந்திருந்தது.

ஊரில் இருந்த ஒரே லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி மூன்று நாள் பகல் முழுக்க அவள் அந்தக் கூடத்தின் மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் வருகிறார்கள், யார் எழுகிறார்கள், எந்தத் தெருக் குடம் எந்த மழைக்கு வருகிறது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் கோடு கோடாக இழுத்தாள். மூன்றாம் நாள் சவரிமுத்துவையும் சுடலைமுத்துவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இங்க ரெண்டு வரிசை இருக்கு," என்றாள். "உள்ள சாப்பிடுறவங்களுக்குத் தண்ணிக் கஷ்டம் இல்ல. தண்ணி வேண்டியவங்களுக்கு உள்ள வந்து சாப்பிட வழியில்ல. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்காம நிக்குது. இன்னொண்ணு, நம்ம அடுப்பு மேஜையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. மேஜை காலியானாத்தான் அடுப்புக்கு வேலை. அதைப் பிரிச்சுடுவோம்."

"எப்படிப் பிரிக்கிறது மேடம்?" என்றார் சவரிமுத்து.

"இந்த ஊரைச் சுத்தி எத்தனை தீப்பெட்டி ஆபீஸ் இருக்கு?"

"சின்னதும் பெருசுமா அறுபது. ஒரு பஞ்சாலையும் இருக்கு."

"அடுப்பு அவங்களுக்கு எரியட்டும். மத்தியானச் சாப்பாடு பார்சல். மேஜை மழைக்கு இருக்கட்டும்."

எண்பத்துநாலு வகை எழுதியிருந்த மெனுவை ஏழாகக் குறைத்தாள். ஒன்பது சர்வர்களில் ஐந்து பேரைப் பார்சல் கட்டவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் மாற்றினாள். வெங்காயம் உரிக்க, காய் நறுக்க, இலை துடைக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்கு அவள் ஊரைக் கூப்பிட்டாள். ஒரு தெருவுக்கு ஒரு மேஜை. தங்கள் முறை வருகிறவர்கள் முன்னாலேயே வந்து பின்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காய் நறுக்குவார்கள், அதற்குக் கூலி கண்ணாடியோரம் வயிறாரச் சாப்பாடு. காய் நறுக்குகிறவர்களுக்குப் பேச ஆள் இருந்ததால் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை அவசரப்படுத்தவில்லை. யாரும் அவசரப்படுத்தாததால் சாப்பிடுகிறவர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். முப்பத்தாறு வருஷம் 'முன்னால நகருங்க, உள்ள போங்க' என்று சொல்லியே காலம் கழித்த சுடலைமுத்துவிடம் முறைச்சீட்டுக் கொடுக்கும் பொறுப்பை விட்டாள். அவர் ஒரு மேஜையைக்கூட அவசரப்படுத்தாமல், ஒருவர் எழப்போவதை முகத்தை வைத்தே அறிந்து, அடுத்தவரைப் பின்கட்டிலிருந்து கண்ணால் கூப்பிட்டார். காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரை ஒன்பது மழைகளில் ஏதாவது எட்டு எப்போதும் பெய்துகொண்டிருந்தன. ஆனி பிறந்தபோது ஊரில் துவைத்த துணிகள் கொடிகளில் ஆடின. கம்பெனி விட்டு வந்த பெண்கள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அதைப் பற்றி யாரும் வெளியே பேசவில்லை.

ஒரு நாள் வடக்குத் தெருவின் முறைக்காரிக்குக் காய்ச்சல். ஏழாவது மேஜை காலியாக இருக்க, வெளியே பதின்மூன்று குடங்கள் நிற்க, செண்பகவல்லி தானே போய் உட்கார்ந்தாள். ஒரு தட்டு வெண்பொங்கல் முழுவதையும் சாப்பிட்டாள். இரண்டு பக்கமும் மழை கொட்டியது, அவளுக்கு எதிரே நாலடி வெயில் அப்படியே நின்றது. வெளியே குருவம்மா குடங்களைச் சத்தமில்லாமல் எட்டாவது மழைக்கு நகர்த்தி, "இந்தப் பக்கம் காத்து எதிர்க்குது போல," என்று பொதுவாகச் சொன்னாள். காற்றே இல்லை. மறுநாள் செண்பகவல்லி பூரிக்கிழங்கோடு உட்கார்ந்து பார்த்தாள், அதற்கு மறுநாள் இடம் மாற்றி, முதல் மேஜையில், தயிர்ச்சோறு. உப்பா, உறைப்பா, நேரமா, திசையா என்று தாளில் காரணங்கள் எழுதி ஒவ்வொன்றாக அடித்தாள். அவள் சாப்பிடும்போது கண் எட்டாவது மேஜையில் யாருக்குத் தண்ணீர் தீர்ந்தது என்று பார்க்கும், காது அடுப்படியில் எந்தக் கரண்டி விழுந்தது என்று கேட்கும், கை தானாக வாய்க்குப் போய் வரும். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். நாலாவது தடவை அவள் முயற்சி செய்யவில்லை. முறைப் பட்டியலில் தன் பெயரை யாரும் எழுதுவதில்லை என்பதைக் கவனித்தாள், கவனிக்காததுபோல் இருந்துகொண்டாள்.

ஆடியில் முதலாளி தனுஷ்கோடி நேரில் வந்தார். பந்திக் கணக்கு விழுந்து கிடக்கும் கிளையில் பார்சல் எப்படி இவ்வளவு ஏறியது என்று பார்க்க வந்தவர், மழைக்குள் கையை நீட்டியபடி அரை மணி நேரம் நின்றார். முதுகுளத்தூர்ப் பக்கம் பொட்டல் காட்டில் பிறந்தவர், முதல் கடையில் கூரைமேல் ஏறித் தோட்டத்துக் குழாயைத் தன் கையாலேயே பிடித்து மழை பெய்ய வைத்தவர்.

"செண்பகம், இது எப்படி வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எப்படி நிக்குதுன்னு தெரியும் சார். எப்படி வருதுன்னு தெரியாது."

"தெரிஞ்ச வரைக்கும் எழுது. பதினாலு ஊர்லயும் பெய்யட்டுமே. நல்ல காரியம்தானே?"

நல்ல காரியம்தான். அவள் எழுதினாள். பில்லைக் கேட்காமல் வைக்கக் கூடாது, எழும்வரை மேஜையைத் துடைக்கக் கூடாது, சாப்பிடுகிறவர் தலைக்கு மேலே நின்று அடுத்தவர் காத்திருக்கக் கூடாது என்று தொடங்கிப் பதினோரு பக்கம். மற்ற பதின்மூன்று கிளைகளிலும் அதை எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். வந்தவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எங்கும் ஒரு துளி விழவில்லை. தனுஷ்கோடி யோசித்து யோசித்து, சூட்சுமம் அந்தக் கண்ணாடியில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வெம்பக்குளம் கிளையின் கண்ணாடிச் சுவரையும் ஒன்பது மேஜைகளையும் கழற்றி மதுரைக்குக் கொண்டுவரச் சொன்னார். அங்கே வேலை செய்த இருபத்திரண்டு பேருக்கும் வேறு கிளைகளில் இடம் தருவதாகவும் சொன்னார். கழற்றும் பொறுப்பைச் செண்பகவல்லியிடம் கொடுத்தார்.

அவள் மூன்று நாள் தள்ளிப்போட்டாள். நான்காம் நாள் காலையில் லாரி வந்தது. ஊர் கூடியது, ஆனால் யாரும் மறிக்கவில்லை. ஆட்கள் கண்ணாடியைக் கழற்றி இறக்கும்போது, அது உடைந்துவிடாமல் இருக்கப் பெண்கள் வீடுகளிலிருந்து பழைய சேலைகளும் போர்வைகளும் கொண்டுவந்து சுற்றிக் கட்டினார்கள். செண்பகவல்லியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் குருவம்மா இதெல்லாம் செய்றீங்க?"

"கண்ணாடி ஒடஞ்சா ஒங்களைத்தானே கேப்பாங்க. ஒங்க வேலையை நீங்க பாருங்க யக்கா."

அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அக்கா என்றாள்.

மதுரையில், தலைமைக் கிளையில், அதே கண்ணாடியை அதே சாய்வில் நிறுத்தி, அதே மேஜைகளை அதே இடைவெளியில் போட்டார்கள். தனுஷ்கோடி மூன்றாவது மேஜையில் ரவா தோசையோடு உட்கார்ந்தார். பதினோரு நாள் உட்கார்ந்தார். வெளியே ஆட்டோக்கள் போயின, வெயில் போனது, வந்தது. ஏழாம் நாளிலேயே சவரிமுத்து வெம்பக்குளத்திலிருந்து செண்பகவல்லிக்குப் போன் செய்திருந்தார். சுவர் இல்லாத கூடத்தில், தரையில் பாய் விரித்து, ஊர்க்காரர்கள் வீட்டில் பொங்கியதைக் கொண்டுவந்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். முதல் நாள் தூறியதாம். இரண்டாம் நாளிலிருந்து பழையபடி பெய்கிறதாம்.

அவள் அதை நாலு நாள் மனதிலேயே வைத்திருந்துவிட்டுப் பதினோராம் நாள் முதலாளியிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. தோசை ஆறிக் கிடந்தது.

"எதை விட்டுட்டு வந்தோம் செண்பகம்?"

"நான் பதினோரு பக்கம் எழுதினேன் சார், எல்லாம் உள்ள உட்கார்றவங்களைப் பத்தி. வெளியில குடத்தோட நிக்கிறவங்களைப் பத்தி ஒரு வரிகூட எழுதல. அதுதான் காரணமான்னு எனக்குத் தெரியாது. ஆனா எழுதல."

தனுஷ்கோடி கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். அங்கே காத்து நிற்பவர்கள் யாரும் இல்லை.

"நான் அங்க போறேன் சார்," என்றாள்.

"கிளையே இல்லையே. எந்த வேலைக்குப் போற?"

"தெரியல சார். பார்சல் நிக்காம ஓடணும். வைகாசி மாசம் போட்ட முறைப் பட்டியல் ஆவணிக்குச் சரிப்படாது, தெருவுக்குத் தெரு கல்யாணம் இருக்கு."

அவர் ஆறிய தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். "அடுப்பும் பாத்திரமும் அங்கதானே இருக்கு," என்றார். "அதை எடுக்க நான் ஆள் அனுப்பல. சவரிமுத்துகிட்ட சொல்லிடு."

விடிந்ததும் முதல் பஸ் ஏறினாள். பாதி வழியில் அது பஞ்சராகி நின்றது. வெயிலில் ஒரு பாலத்தின் மேல் இரண்டு மணி நேரம் நின்று, வேறு பஸ் பிடித்து, நின்றுகொண்டே வந்து, வெம்பக்குளத்தில் இறங்கும்போது மணி இரண்டு. காலையில் குடித்த ஒரு டீக்கு மேல் வயிற்றில் ஒன்றும் இல்லை. கூடம் முன்புபோல் இல்லை. கண்ணாடி இருந்த இடம் திறந்து கிடந்தது, தெருவைப் பார்த்து நீளமாக மூன்று பாய், பாயில் பதினேழு பதினெட்டுப் பேர், அவர்கள் முன்னால் இலை, இலைகளுக்கு அப்பால் தெருவோரம் முழுக்க மழை. நடுவில் மட்டும் ஓரிடத்தில், அப்போதுதான் யாரோ எழுந்துபோயிருந்தார்கள், நாலடி வெயில்.

யாரும் எழுந்து வரவேற்கவில்லை, சாப்பாட்டிலிருந்து எழக் கூடாது என்பது அங்கே சட்டமாகியிருந்தது. சுடலைமுத்து மட்டும் ஒரு முழம் நகர்ந்து பாயைத் தட்டினார்.

"உக்காருங்க தாயி. மொகமே வாடிக் கிடக்கு."

"அது ஏழாம் இடமா அண்ணாச்சி? யாரு முறை?"

"யாரு முறையும் இல்ல. உக்காருங்க."

சவரிமுத்து இலை போட்டார். சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, ஒரு வீட்டிலிருந்து வந்த பாசிப்பருப்புத் துவையல், இன்னொரு வீட்டிலிருந்து வந்த வடகம். அவள் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் உருண்டையை வாயில் போட்டாள். புளி நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்குத் தண்ணீர் தீர்ந்தது என்று பார்க்கவில்லை. அடுப்படியில் பெரிய சத்தத்தோடு ஒரு தட்டு விழுந்தது, அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டாள். வடகத்தை நொறுக்கிச் சோற்றில் தூவிக்கொண்டாள். இந்தத் துவையல் யார் வீட்டில் அரைத்தது என்று வாயில் சோற்றோடு கேட்டாள், மேலத்தெரு மாரித்தாய் என்று யாரோ சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள். முழங்கையில் சில்லென்று ஏதோ பட்டது, முழங்கையைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள்.

பாயில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல அவரவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வெளியே குருவம்மா இரண்டு கைகளாலும் ஒரு குடத்தை மெதுவாகத் தூக்கி, தரையில் உரசாமல், நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அது நிறைந்து அவள் அடுத்ததை வைத்தபோது, வெறும் குடத்தின் அடியில் தண்ணீர் விழுந்து சளசளவென்று சத்தம் கேட்டது. செண்பகவல்லி தலை நிமிர்ந்தாள். தன் இலைக்கு நேர் எதிரே, தெரு தெரியாத அளவுக்கு, நாலடி அகலத்துக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் சட்டென்று எழப்போனாள்.

"எந்திரிக்காதீக தாயி," என்றார் சுடலைமுத்து, தன் இலையிலிருந்து கண் எடுக்காமல். "இன்னும் பதினோரு குடம் நிக்குது. ரசம் ஊத்திக்கிடுங்க."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் குழித்து இலைக்கு மேலே நீட்டினாள். சவரிமுத்து குனிந்து, ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல், அவள் உள்ளங்கைகளிலேயே ஊற்றினார்.